குமரி மாவட்டக் கிறிஸ்துமஸ் பலகாரம்: எதை, எந்த வரிசையில், எப்படிச் சுடுவது?

டிசம்பர் 23 காலையில் பழம் ஊறப்போட்டு, மதியம் அச்சு முறுக்குக்கு மாவு கரைத்து, ராத்திரி முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சினால், 25ஆம் தேதி விடியற்கால ஆராதனையில் உட்கார்ந்தபடியே தூங்கி விழலாம். செய்முறை எல்லாம் சரியாக இருந்தும் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் பலகாரம் சொதப்புவது இப்படித்தான். எது எத்தனை நாள் தாங்கும், எதைச் சுட்ட எண்ணெயில் எதைச் சுடலாம் என்ற இரண்டு கணக்கும் பிடிபட்டுவிட்டால், வேலை ஒரு மாதத்துக்குப் பரவி லேசாகிவிடும். இந்த வழிகாட்டி அந்த வரிசைப்படியே போகிறது.

இங்கே சொல்வதெல்லாம் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்து வீடுகளின் வழக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடிக் கிறிஸ்தவ வீடுகளிலும் பெரும்பாலும் இதுதான். கொஞ்சம் கை மாறும், அவ்வளவே. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் தேங்காய்ப்பாலும் தேங்காயெண்ணெயும் இங்கே தாராளம். கேரளத்தார் அச்சப்பம் என்பதும் நம் அச்சு முறுக்கும் ஒரே அச்சில் வந்தவைதான்.

கிறிஸ்தவம் இந்தப் பக்கம் பழையது. சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல். மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் காலூன்றியது 1806இல். ஆனால் நம் கிறிஸ்துமஸ் தட்டில் கேக் பிந்தி வந்து சேர்ந்தது. தலச்சேரி மாம்பள்ளி பாப்புவின் பேக்கரியில் 1883இல் ஒரு தோட்டத்துரைக்காகச் செய்ததுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அந்த ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். அன்றைக்குக் கிராமத்து வீடுகளில் அடுப்பென்றால் விறகடுப்பு. அதில் கேக் எங்கே செய்வது? கேக் பேக்கரியிலிருந்து வரும், பலகாரம் வீட்டில் சுடப்படும். இன்றைக்கும் என் கணக்கில் கேக் இல்லாமல் கிறிஸ்துமஸ் நடக்கும், அச்சு முறுக்கு இல்லாமல் நடக்காது.

முதலில் வீடுகளை எண்ணுங்கள்

கிலோ கணக்கில் யோசிக்க வேண்டாம். எத்தனை வீட்டுக்குத் தட்டு போக வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். தீபாவளிக்கு நம் வீட்டுக்கு அதிரசமும் முறுக்கும் அனுப்பியவர்கள், ரம்ஜானுக்குப் பிரியாணி கொடுத்தவர்கள், தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள், பால்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, கல்யாணமாகிப் போன பிள்ளைகள் எல்லாம் அதில் வர வேண்டும். பலகாரம் சுடுவதே பாதிக்கு மேல் இவர்களுக்காகத்தான்.

ஒரு தட்டுக்கு நாலு அச்சு முறுக்கு, மூன்று கொத்து முந்திரிக்கொத்து, இரண்டு கைப்பிடி கலகலா, இரண்டு துண்டு கேக் என்று வைத்தால் பார்க்கவும் கொடுக்கவும் நன்றாக இருக்கும். கீழே தரும் அளவுகள் ஏழெட்டு வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் போதும். பதினைந்து வீடு என்றால் எல்லாவற்றையும் இரட்டியுங்கள். கேக்கை மட்டும் ஒரே தகரத்தில் இரட்டிக்காமல் இரண்டு தடவையாகச் சுடுங்கள்.

பட்டியல் எழுதும்போதே இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்: முட்டை சாப்பிடாத வீடு எது, ரம் ஊற்றிய கேக் போகக் கூடாத வீடு எது. இதை 24ஆம் தேதி சாயங்காலம் யோசித்தால் கைமீறிப் போயிருக்கும். எண்ணெயில் சுடும் பலகாரம் மூன்றிலும் முட்டையை அடியோடு விட்டுவிடலாம் என்பது என் யோசனை. முட்டை கேக்கோடு நிற்கட்டும். அப்படிச் செய்தால் ஒரே எண்ணெய், ஒரே சட்டி, எந்த வீட்டுக்கும் சங்கடமில்லாமல் கொடுக்கலாம். சைவ வீட்டுத் தட்டில் கேக்குக்குப் பதில் இன்னும் ரெண்டு கொத்தைக் கூட்டி வையுங்கள். முஸ்லிம் வீட்டுக்கு ரம் இல்லாத கேக்காகப் பார்த்து அனுப்புங்கள்.

நவம்பர் கடைசி: பழம் ஊறப்போடுதல்

ஒரு கேக்குக்கு மொத்தம் அரைக்கிலோ பழம். கறுப்புத் திராட்சை, கிஸ்மிஸ், பேரீச்சை மூன்றும் சேர்ந்து 350 கிராம். மீதிக்கு டூட்டி ஃப்ரூட்டி, செர்ரி, சர்க்கரைப் பாகில் போட்ட ஆரஞ்சுத் தோல், இஞ்சி முரப்பா என்று கிடைப்பதைச் சேருங்கள். டூட்டி ஃப்ரூட்டி 75 கிராமைத் தாண்ட வேண்டாம். அது வெறும் பப்பாளிக்காயும் சாயமும்தான். அதிகம் போட்டால் கேக் சிவப்பும் பச்சையுமாக மின்னும், ருசி இருக்காது. இஞ்சி முரப்பாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். தித்திப்புக்கு நடுவில் அந்தச் சுருக்கென்ற காரம்தான் கேக்கைத் தூக்கி நிறுத்தும்.

எல்லாவற்றையும் திராட்சை அளவுக்குப் பொடியாக நறுக்கி, ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கும் அளவுக்கு ரம் ஊற்றி மூடுங்கள். ஒரு மாதம் வெளியிலேயே இருக்கலாம். இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஜாடியைக் குலுக்கி வைத்தால் போதும்.

நம் சபைகளில் பாதிப் பேர் வீட்டுக்குள் ரம்மைச் சேர்க்க மாட்டார்கள், கேக்குக்குக்கூட. அவர்கள் பழத்தை நவம்பரில் ஊறவைக்க வேண்டியதே இல்லை. பழச்சாறில் ஊறிய பழம் வெளியில் இருந்தால் புளித்து நுரை கட்டிவிடும். கேக் சுடுவதற்கு முந்தின நாள் கறுப்புத் திராட்சைச் சாறு ஒரு கப்பில் பழங்களைப் போட்டு, சிறு தீயில் சாறு வற்றும்வரை கிளறி, ஆறவைத்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் பழம் உப்பி மெதுமெதுவென்று வந்துவிடும். வாசனை வேறு மாதிரி இருக்கும், மட்டமாக இருக்காது.

டிசம்பர் 10 வாக்கில்: கேக்

ரம் கேக்கை 10ஆம் தேதி சுட்டால் 25க்குள் பக்குவப்பட்டுவிடும். ரம் இல்லாத கேக்கை 20ஆம் தேதிக்கு முன்னால் சுடாதீர்கள். சுட்டதையும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வேண்டியவை: மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, உடைத்த முந்திரிப்பருப்பு 100 கிராம், ஊறிய பழம். பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய் சேர்த்துப் பொடித்தது ஒன்றரை டீஸ்பூன். இதில் கிராம்பு குறைவாக இருக்கட்டும். கருக்குவதற்குச் சர்க்கரை 150 கிராம், வெந்நீர் 100 மில்லி.

சர்க்கரை கருக்குவதில்தான் பலருக்குப் பயம். அடி கனமான பாத்திரத்தில் சர்க்கரையையும் ஒரு ஸ்பூன் தண்ணீரையும் போட்டு மிதமான தீயில் வையுங்கள். கரண்டி போடாதீர்கள், பாத்திரத்தைச் சுழற்றினால் போதும். முதலில் உருகும், பிறகு தேன் நிறம், பிறகு செம்பு நிறம். தேன் நிறத்தில் இறக்கினால் கேக் வெளிறிப்போய் வெறும் தித்திப்பாக இருக்கும். செம்பு நிறம் தாண்டி, கட்டங்காப்பி (பால் சேர்க்காத காப்பி) நிறத்துக்குத் திரும்பி, ஓரத்தில் முதல் புகை எழும்பும் அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீரை ஊற்ற வேண்டும். சடசடவென்று பொங்கித் தெறிக்கும். அதனால் முகத்தைத் தள்ளி வைத்து, நீளக் கைப்பிடிக் கரண்டியால் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாகு கல்லாக இறுகிவிடும். இறுகினாலும் பதற வேண்டாம், திரும்பச் சூடாக்கினால் கரையும். பாகு நன்றாக ஆறிய பிறகுதான் மாவுக்குப் போக வேண்டும்.

வெண்ணெயும் முட்டையும் அறைச் சூட்டில் இருக்கட்டும். வெண்ணெயையும் சர்க்கரைப் பொடியையும் வெளுத்து நுரைக்கும்வரை அடியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி அடிக்க வேண்டும். திரிவது போலத் தெரிந்தால் ஒரு ஸ்பூன் மைதா தூவினால் கூடிக்கொள்ளும். கருக்கிய பாகை ஊற்றுங்கள். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, மசாலாப் பொடி எல்லாவற்றையும் இரண்டு முறை சலித்து, மூன்று பங்காகப் போட்டு மெதுவாகப் புரட்டுங்கள். இனிமேல் மெஷின் வேண்டாம், கைதான். பழத்தை வடித்து, முந்திரியோடு சேர்த்து, மைதாவிலிருந்து முன்கூட்டியே எடுத்துவைத்த இரண்டு ஸ்பூனில் பிசறிக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். இப்படிச் செய்தால் பழம் அடியில் போய் உட்காராது.

எட்டு அங்குலத் தகரத்தில் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாகப் போட்டு மாவை ஊற்றி, 160 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். மேற்புறம் சீக்கிரம் கறுத்தால் ஒரு அலுமினியத் தாளை மேலே மூடிவிடுங்கள். நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வந்தால் ஆயிற்று. ஓவன் இல்லாதவர்கள் பழைய குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் மணல் பரப்பி, பத்து நிமிடம் காயவைத்து, உள்ளே ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் தகரத்தை வைத்துச் சிறு தீயில் சுடலாம். நேரம் அடுப்புக்கு அடுப்பு மாறும். ஒரு மணி நேரம் கழித்துக் குச்சியால் பாருங்கள்.

தகரத்திலேயே முழுக்க ஆறவிட்டு எடுங்கள். ரம் கேக்கை பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல் ஃபாயில் சுற்றி, டப்பாவில் வைத்து, ஐந்து நாளுக்கு ஒரு தடவை இரண்டு ஸ்பூன் ரம் ஊற்றிவந்தால் போதும். வெட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் கஷ்டமான கட்டம்.

எண்ணெய்ச் சட்டி ஏறும் வரிசை

அச்சு முறுக்கு முதலில், கலகலா அடுத்து, முந்திரிக்கொத்து கடைசி. இதை மாற்றாதீர்கள். அச்சு முறுக்கு மெல்லியது. புது எண்ணெயில்தான் அதன் தேங்காய்ப்பால் வாசனை நிற்கும். கலகலா எண்ணெயைக் கெடுக்காது. முந்திரிக்கொத்திலிருந்து மாவுத் துணுக்கும் வெல்லமும் சட்டியில் இறங்கும். அதற்குப் பிறகு அந்த எண்ணெயில் எது போட்டாலும் கறுக்கும். நாள் கணக்கும் இதற்கு ஒத்து வருகிறது. காற்றுப் புகாத டின்னில் அச்சு முறுக்கும் கலகலாவும் இருபது நாள்வரை தாங்கும். தேங்காய் சேர்ந்த முந்திரிக்கொத்து பத்துப் பதினைந்து நாள்தான்.

தேங்காயெண்ணெயில் சுட்டால் மணம் தனி. ஆனால் நாள்பட்டால் சிக்குவாடை வந்துவிடும். வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பார்சல் போகிறதென்றால் கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 16 வாக்கில்: அச்சு முறுக்கு

புது அச்சு வாங்கினால் நேராக எண்ணெயில் முக்காதீர்கள். இரண்டு நாள் அரிசி களைந்த தண்ணீரிலோ கஞ்சித்தண்ணீரிலோ போட்டு வைத்து, துடைத்து, காயவைத்து, பிறகு ஒரு ராத்திரி எண்ணெயில் ஊற வேண்டும். பழகாத அச்சில் மாவு பிடித்தால் விடாது.

வேண்டியவை: சலித்த பச்சரிசி மாவு 2 கப், மைதா அரைக் கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், கெட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரை முதல் இரண்டு கப், கறுப்பு எள் ஒரு ஸ்பூன், ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. முட்டை போடுகிறவர்கள் மைதாவைக் குறைத்துக்கொண்டு ஒன்று உடைத்து ஊற்றலாம். மாவு இன்னும் லேசாகப் பொரியும், உண்மைதான். ஆனால் அந்த மைதாவே ஓரளவுக்கு அந்த வேலையைச் செய்துவிடும். இந்த அளவுக்கு அச்சைப் பொறுத்து 40 முதல் 50 வரை வரும்.

எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து அரைமணி நேரம் வையுங்கள். பதம் தோசை மாவைவிட ஒரு பிடி தளர்வு. அச்சை முக்கித் தூக்கினால் மெல்லிசாக ஒட்டிக்கொண்டு, மிச்சம் சொட்டி நின்றுவிட வேண்டும். கட்டியாக ஒட்டினால் முறுக்கு தடித்து, உள்ளே நமுத்துப்போகும்.

இனி அடுப்படி வேலை. அச்சை எண்ணெயிலேயே போட்டு எண்ணெயோடு சேர்த்துக் காயவிடுங்கள். எடுத்து எண்ணெயை உதறி, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்குங்கள். மேல் விளிம்பு ஏறி மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். மாவில் முக்கும்போது ஒரு சிறிய ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் அச்சு காயவில்லை, மாவு பிடிக்காமல் வழுக்கி ஓடும். சடசடவென்று பொரிந்தால் அச்சு அதிகம் காய்ந்துவிட்டது. மாவு அங்கேயே வெந்து பாத்திரத்தில் உதிரும். பாகத்தைச் சொல்ல அம்மா கரண்டியைப் பார்க்க மாட்டாள், காதைத்தான் தீட்டி வைத்திருப்பாள். “சத்தம் கேக்கல்ல மைனி, இன்னும் செத்தநேரம் கெடக்கட்டும்” என்று பக்கத்தில் அச்சைப் பிடித்திருக்கும் மாமிக்குக் குரல் வரும்.

மாவோடு அச்சை எண்ணெயில் இறக்கி அப்படியே பிடித்திருங்கள். பத்துப் பதினைந்து விநாடியில் ஓரம் இறுகும். அப்போது லேசாகக் குலுக்கினால் தானாகக் கழன்று மிதக்கும். கழலவில்லையென்றால் மெல்லிய கம்பியால் ஓரத்தை நெம்பிவிடலாம். திருப்பிப்போட்டு, நுரை அடங்கி, இளம்பொன் நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள்; வெளியில் வந்த பிறகும் நிறம் ஏறும். சூட்டோடு மெதுவாக இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு. அடுத்த ஒன்றுக்குப் போகுமுன் அச்சைத் திரும்ப எண்ணெயில் காட்டுங்கள். அடிக்கடி ஒட்டினால் சர்க்கரை அதிகம் என்று அர்த்தம். ஒரு கைப்பிடி அரிசி மாவும் கொஞ்சம் பாலும் சேர்த்துச் சரிசெய்யலாம்.

இருவர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஒருவர் அச்சுக்கு, ஒருவர் திருப்பி எடுக்க. வீட்டில் இரண்டு அச்சு இருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்று வேலை செய்யும்.

மறுநாள்: கலகலா

பிள்ளைகளை உட்காரவைக்க இதைவிட நல்ல வேலை கிடையாது. மைதா அரைக்கிலோ, ரவை 50 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், உப்பு, காய்ச்சிய நெய் மூன்று ஸ்பூன். நெய்யைச் சூட்டோடு மாவில் ஊற்றிப் பிசறி, தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். சப்பாத்தியைவிடச் சற்றுத் தடிப்பாகத் தேய்த்து டைமண்டாக வெட்டலாம். சிப்பி வேண்டுமென்றால் கோலிக்குண்டு அளவு உருண்டையைப் புதுச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்ட வேண்டும்.

மிதமான தீயில் நிதானமாகச் சுட்டால்தான் உள்ளே வேகும். தீ கூடினால் வெளியே சிவந்து, உள்ளே மாவாகவே இருக்கும். மூன்றாம் நாள் டின்னைத் திறக்கும்போது தெரியும். மேலே சர்க்கரைப்பாகு பூசுவது சிலருக்குப் பிடிக்கும். கேக்கும் கொத்தும் ஏற்கெனவே தித்திக்கிற தட்டில் இதை வெறுமனே விட்டுவிடுவதுதான் நல்லது.

டிசம்பர் 19, 20: முந்திரிக்கொத்து

இரண்டு நாள் வேலை. அவசரப்பட்டால் எண்ணெயில் உடைந்துவிடும்.

முதல் நாள்: பாசிப்பயறு அரைக்கிலோ, தேங்காய் ஒன்று, வெல்லமோ கருப்பட்டியோ 400 கிராம், எள் 50 கிராம், ஏலக்காய் ஏழெட்டு, சுக்கு சின்னத் துண்டு. முழுப் பயறை வெறும் சட்டியில் வாசனை வந்து சிவக்கும்வரை வறுத்து, ஆறியதும் ஒன்றிரண்டாக உடைத்து, முறத்தில் புடைத்துத் தொலியை நீக்கி, பிறகு ரவை பதத்துக்குத் திரியுங்கள். நைசாக அரைத்தால் உருண்டை வாயில் ஒட்டும். தோல் நீக்கிய பாசிப்பருப்பை வறுத்தும் செய்யலாம், வேலை மிச்சம். ஆனால் வறுத்த முழுப்பயறின் வாசனை அதில் கிடைக்காது.

தேங்காயைத் துருவி, எண்ணெய் விடாமல், ஈரம் முழுக்கப் போய்ப் பொன்னிறமாகும்வரை வறுக்க வேண்டும். கொத்து பத்து நாள் தாங்குவதும் நாலாம் நாளே ஊசிப்போவதும் இந்த வறுப்பில்தான் இருக்கிறது. எள்ளையும் வறுத்து, ஏலம், சுக்கைப் பொடித்து எல்லாவற்றையும் கலந்துகொள்ளுங்கள்.

வெல்லத்தை முக்கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, திரும்பக் காய்ச்சி, இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு கம்பி இழுக்கும் பதம் வந்ததும் சூட்டோடு மாவில் ஊற்றிக் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டில் நெல்லிக்காய் அளவு உருண்டை பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் உதிரும், அப்போது லேசாக வெந்நீர் தெளித்துக்கொள்ளலாம், அளவோடு. பிடித்த உருண்டைகளைத் தட்டில் பரப்பி, துணி மூடி, ராத்திரி முழுக்க விட்டால் இறுகும்.

மறுநாள்: பச்சரிசி மாவு ஒரு கப், மைதா கால் கப், மஞ்சள் தூள் அரை டீஸ்பூன், உப்பு. பஜ்ஜி மாவு பதத்துக்குக் கரையுங்கள். மூன்று உருண்டைகளைச் சேர்த்து விரலால் அள்ளி மாவில் தோய்த்து, ஒட்டியபடியே எண்ணெயில் விட்டால் கொத்தாக வெந்து வரும். மாவு தண்ணியாக இருந்தால் மூடாத இடத்தில் வெல்லம் உருகிக் கருகும். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். உள்ளே ஏற்கெனவே வெந்ததுதான், மேல்மாவு இறுகினால் போதும். சிவக்க விடாமல் மஞ்சள் நிறத்தில் எடுங்கள். ஆறிய பிறகு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மாவு வாலைக் கிள்ளிவிடலாம். கிள்ளியதெல்லாம் சுடுகிறவருக்குத்தான். அரைக்கிலோ பயறுக்கு முப்பது கொத்து தேறும்.

டின்னில் அடைத்தல்

டிசம்பர் இங்கே வடகிழக்குப் பருவமழையின் வால். காற்றில் ஈரம் இருக்கும். அதனால் பலகாரம் முழுக்க ஆறிய பிறகே டின்னில் போக வேண்டும். ஆனால் ராத்திரி முழுக்கத் திறந்தும் கிடக்கக் கூடாது. மூன்றையும் மூன்று டின்னில் வையுங்கள். முந்திரிக்கொத்தின் ஈரம் பட்டால் அச்சு முறுக்கு நமுத்துவிடும்.

இது தவிர ஒரு சின்னத் தூக்குவாளி தனியாக வேண்டும். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் வரும் பிள்ளைகள் ராத்திரி பதினொரு மணிக்கும் வருவார்கள், ஒரு மணிக்கும் வருவார்கள். கட்டங்காப்பியும் இரண்டு அச்சு முறுக்கும் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? அதற்கென்று பெரிய டின்னைத் தினம் திறந்தால் 25க்கு மிஞ்சுவது தூள்தான். உடைந்தது, கோணியது எல்லாம் இந்த வாளிக்கு.

தூத்துக்குடி மக்ரூன் தட்டில் வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி மூன்றே சரக்குதான். ஆனால் மிகக் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்தும் அந்த வேலை மழைக்கால வீட்டு ஓவனுக்குச் சரிப்படாது. பேக்கரிக்காரர்களே செய்யட்டும்.

24, 25: ஆப்பமும் வறுத்தரைத்த கறியும்

விடியற்கால ஆராதனை முடிந்து வரும்போது பசி வயிற்றைக் கிள்ளும். வந்த அரைமணிக்குள் இலை போட வேண்டும் என்றால் 24ஆம் தேதியே பாதி முடிந்திருக்க வேண்டும்.

கறிக்கடையில் நாலு நாள் முன்னாலேயே சொல்லிவையுங்கள். 24 காலையில் போய் நின்றால் எலும்பும் கொழுப்பும்தான் கிடைக்கும். அன்றைக்கு மதியம் பச்சரிசி மூன்று கப்பை ஊறப்போட்டு, நாலு மணி நேரம் கழித்துத் தேங்காய்த் துருவல் ஒரு கப், சோறு அரைக் கப்போடு வெண்ணெய் போல அரைத்து, இளஞ்சூட்டு நீரில் கரைத்த ஈஸ்ட் கால் டீஸ்பூன், சர்க்கரை இரண்டு டீஸ்பூன் சேர்த்து மூடி வையுங்கள். முன்பு கள் ஊற்றிப் புளிக்கவைப்பார்கள், இப்போது ஈஸ்ட்தான். பெரிய பாத்திரமாக இருக்கட்டும், பொங்கும். குளிராக இருந்தால் அணைத்த ஓவனுக்குள் வையுங்கள். உப்பு காலையில் ஊற்றும்போது போட்டால் போதும்.

கறிக்கு: ஆட்டுக்கறி ஒரு கிலோ. அரை மூடித் தேங்காய்த் துருவல், மல்லி நாலு ஸ்பூன், வற்றல் மிளகாய் பத்துப் பன்னிரண்டு, மிளகு ஒரு ஸ்பூன், பெருஞ்சீரகம் ஒரு ஸ்பூன், பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை. தேங்காயெண்ணெய் கொஞ்சம் விட்டுத் தேங்காயை முதலில் வறுத்து, அது பழுப்பேறத் தொடங்கும்போது மற்றவற்றைச் சேர்த்து, கருஞ்சிவப்பாகும்வரை சிறு தீயில் கிளறுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் மிளகாய் கருகும், தேங்காய் வேகாது. ஆறியதும் விழுதாக அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கறியை இஞ்சி, பூண்டு, மஞ்சள், உப்போடு குக்கரில் வேகவைத்து, ஆறியதும் அதையும் உள்ளே வையுங்கள்.

25 காலை, ஆராதனையிலிருந்து வந்ததும் ஒரு அடுப்பில் ஆப்பச்சட்டி, இன்னொன்றில் சின்ன வெங்காயம் கால் கிலோ, தக்காளி இரண்டு, கறிவேப்பிலை வதங்கட்டும். வெந்த கறியை அதன் தண்ணீரோடு ஊற்றி, விழுதைக் கரைத்துவிட்டு, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கொதித்தால் முடிந்தது. ஆப்ப மாவில் உப்புப் போட்டு, கரண்டியால் ஓடும் அளவுக்குத் தளர்த்தி, சட்டியைச் சுழற்றி ஊற்றி மூடுங்கள். ஓரம் பொன்னிறமாகி நடுப்பகுதி வெந்ததும் எடுக்கலாம், திருப்பிப்போட வேண்டாம். ஆப்பம் ஊற்றுகிறவர் கடைசியில்தான் சாப்பிட முடியும் என்பதால் அந்த வேலையை ஆண்களுக்கும் பழக்கிவிடுங்கள்.

மதியம் பிரியாணி என்பது இப்போதைய நடைமுறை. காலையில் ஆப்பமும் கறியும் தின்ற வயிற்றுக்கு எனக்கு ரசமும் மோரும் போதும் என்று தோன்றும். வீட்டில் யாரும் கேட்பதில்லை.

தட்டு அனுப்புவதும் மிச்சமும்

பத்து மணிக்கு மேல், யாரும் மதியச் சாப்பாட்டில் உட்காருவதற்கு முன், தட்டுகள் போய்விட வேண்டும். கேக்கை அன்றைக்கு வெட்டினால் போதும். சூடான கத்தியால் வெட்டினால் பழம் பிய்யாது. ஒவ்வொரு துண்டையும் பட்டர் பேப்பரில் மடித்து வைத்தால் பலகாரத்தில் ஈரம் ஏறாது. முட்டை சாப்பிடாத வீடுகளின் தட்டை முதலில் கட்டி ஓரமாக வைத்துவிடுங்கள், அப்போதுதான் கலக்காது.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கும் புத்தாண்டுக்கும் ஒரு டின்னைத் திறக்காமல் ஒளித்து வையுங்கள். நமுத்த அச்சு முறுக்கை 120 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் திரும்ப மொறுமொறுக்கும். முந்திரிக்கொத்து அப்படி மீளாது. அதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

முந்திரிக்கொத்து சுட்ட எண்ணெயைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். அச்சைச் சோப்புப் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், பழக்கியதெல்லாம் போய்விடும். சூட்டோடு துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி, கேக் தகரத்துக்குள்ளேயே போட்டுப் பரணில் ஏற்றுங்கள். அடுத்த நவம்பரில் இரண்டையும் ஒரே இடத்தில் தேடினால் போதும்.